பாறை வெடிப்பில் கசியும் ரேடானை அளப்பது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூரில் நின்றுகொண்டு பாறை வெடிப்பைத் தேட வேண்டாம், கிடைக்காது. பெரிய கோயிலில் இருக்கும் கருங்கல் அத்தனையும் ஆயிரம் வருடத்துக்கு முன்பு வெளியிலிருந்து வந்தது. ஊருக்கு அடியில் இருப்பது செம்மண், மணற்கல், வண்டல். கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் பக்கமெல்லாம் அடிப்பாறை எங்கேயோ ஆழத்தில், பல இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் கீழே கிடக்கிறது. அதனால் பாறைப் பிளவுகள் வழியாகத் திறந்தவெளியில் கசியும் கதிரியக்க வாயுவை அளந்து பார்க்க ஆசைப்படுகிற டெல்டாக்காரர் முதலில் திருச்சிப் பக்கம் பஸ் ஏற வேண்டும். திருவெறும்பூர், பொன்மலை, மலைக்கோட்டை, அப்புறம் புதுக்கோட்டை சாலையில் நார்த்தாமலை, இங்கெல்லாம்தான் அந்தப் பாறை மண்ணுக்கு மேலே தலைகாட்டுகிறது.

நான் முதன்முதலில் அளந்தது ஒரு வைகாசி மாத மதியம், இரண்டு மணிக்கு, திருச்சிக்குத் தெற்கே நண்பர் ஒருவரின் பட்டா நிலத்தில். பாறை வெடிப்புக்கு மேலே கருவியை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், எண் அசையவே இல்லை. இங்கே ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் என் வார்த்தையை நம்பி, அந்த வெடிப்பை ஒட்டியே ஜன்னல் இல்லாமல் ஒரு மோட்டார் ரூம் கட்டி, இரவுக் காவலுக்கு ஆள் படுக்கக் கட்டிலும் போட்டார். பிறகு ஒரு நாள் அதே கருவியை அந்த அறைக்குள் இரவு முழுக்க வைத்துப் பார்த்தபோதுதான் நான் செய்த தவறு எவ்வளவு பெரியது என்று புரிந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த பிறகு அளவு இறங்கிவிட்டது. ஆனாலும் ஒரே ஒரு மணி நேர அளவை வைத்து நான் வாயே திறந்திருக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இதைச் செய்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

என்ன வாயு இது

எல்லாப் பாறையிலும் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் இருக்கும், கிரானைட் வகைகளில் சற்றுக் கூடுதலாக இருக்கும். யுரேனியம்-238 படிப்படியாகச் சிதைந்து ரேடியம்-226 ஆகிறது, ரேடியம் சிதையும்போது ரேடான்-222 பிறக்கிறது. அதன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், 3.8 நாள். தோரியத்தின் வழியில் பிறப்பது ரேடான்-220, அதைத் தோரான் என்பார்கள், அரை ஆயுட்காலம் 56 விநாடிதான். தோரானை 1899-இல் ரூதர்ஃபோர்டும் ஓவன்ஸும் கண்டார்கள், ரேடானை 1900-இல் டோர்ன் கண்டார். இரண்டுக்கும் நிறம் இல்லை, மணம் இல்லை.

3.8 நாள், 56 விநாடி: இந்த இரண்டு எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும். தோரான் பாறையிலிருந்து வெளியே வந்து சில நிமிடத்தில் தீர்ந்துவிடும், ஆகவே வெடிப்பின் வாயருகே, சாண் உயரத்துக்குள்தான் அதைப் பார்க்கலாம். ரேடானுக்குச் சில நாள் அவகாசம் உண்டு, அதனால் பல மீட்டர் ஆழத்திலிருந்தும் மேலே வந்து சேர முடியும். ஆனால் ஆயிரம் அடி ஆழத்திலிருந்து வருகிறது என்று யாராவது சொன்னால் யோசித்துக்கொள்ளுங்கள், 38 நாளில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், அதற்குள் அவ்வளவு தூரம் ஏறி வர நல்ல ஓட்டம் வேண்டும்.

வெடிப்பு ஏன் முக்கியம்? கல்லின் உள்ளே பிறக்கும் ரேடான் அணு, பிறந்த வேகத்தில் ஒரு மில்லிமீட்டரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு தூரம்தான் நகரும், அப்புறம் கல்லுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு சிதைந்துவிடும். கல்லின் ஓரத்தில், ஒரு விரிசலை ஒட்டிப் பிறந்தது மட்டும்தான் தப்பி வெளியே வருகிறது. பாறை எவ்வளவு நொறுங்கியிருக்கிறதோ அவ்வளவு ஓரம். போதாததற்கு, நிலத்தடி நீர் காலங்காலமாக ஓடிய விரிசல்களின் சுவரில் துருப்பிடித்தது போல ஒரு பழுப்புப் படிவு இருக்குமே, ரேடியம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும் தன்மை உள்ளது. ஆகவே பழுப்பேறிய வெடிப்பைப் பார்த்தால் நான் அங்கே ஒருமுறை கருவியை வைக்காமல் வருவதில்லை.

இடம் பார்ப்பது

வீட்டிலிருந்தே தொடங்கலாம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பூகோஷ் தளத்தில் பாறை வரைபடங்கள் இலவசம், இஸ்ரோவின் புவன் தளத்தில் நிலத்தடிப் பிளவுக் கோடுகளைக் காட்டும் அடுக்கு உண்டு. அந்தக் கோடுகளைக் குறித்துக்கொண்டு நேரில் போங்கள். அதைவிட நல்ல வழி, அந்தப் பக்கத்தில் போர் போடுகிறவர்களிடம் கேட்பது. எத்தனை அடியில் கேப் கிடைத்தது, எந்தத் திசையில் போட்ட போரெல்லாம் தண்ணீர் கொடுத்தது என்று அவர்களுக்கு அத்துப்படி, அந்த கேப்தான் நாம் தேடுகிற வெடிப்பு. வெறும் பாறைமேல் அரச மரமும் ஆல மரமும் ஒரே வரிசையில் முளைத்து நின்றால் அங்கே கீழே பிளவு ஓடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே இருந்தால் அதுவும் அடையாளம்.

மலைக்கோட்டையிலும் நார்த்தாமலையிலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்கள் இருக்கின்றன. அங்கே துளை போடுவது, களிமண் பூசுவது எதுவும் கூடாது, கண்ணால் பார்த்து வெடிப்பின் போக்கைப் படித்துக்கொண்டு வந்தால் போதும். அளப்பதற்குப் பட்டா நிலமாகப் பார்த்து, உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பாறைமேல் வாளியைக் கவிழ்த்துவிட்டு இரவில் டார்ச்சோடு சுற்றுகிறவரைப் புதையல் தேடுகிறார் என்றுதான் ஊரில் நினைப்பார்கள்.

எந்தக் கருவி

கெய்கர் கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். கருங்கல் பக்கத்தில் அதை வைத்தால் டிக் டிக் என்று கூடுதலாக அடிக்கும், பார்த்தாயா ரேடான் என்று தோன்றும். அது கல்லிலேயே இருக்கும் பொட்டாசியம்-40, யுரேனியம், தோரியம் குடும்பங்கள் விடும் காமாக் கதிர். வாயுவுக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பெரிய கோயில் பிராகாரத்திலும் அப்படித்தான் அடிக்கும்.

வாயுவை அளக்க இரண்டு வழி. ஒன்று, வீடுகளுக்கென்று விற்கும் மின்னணு ரேடான் கருவி. வாங்கும்போது பத்து நிமிடத்துக்கோ ஒரு மணி நேரத்துக்கோ ஒருமுறை எண் தருகிற வகையாகப் பாருங்கள், நாள் சராசரி மட்டும் தருவது நம் வேலைக்கு ஆகாது. சில கருவிகள் அமெரிக்க வழக்கப்படி ஒரு லிட்டருக்கு எத்தனை பிக்கோகியூரி என்று காட்டும், அதை 37-ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை பெக்கரல் என்று வந்துவிடும். ஒரு பெக்கரல் என்றால் விநாடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று அர்த்தம், கீழே காற்றின் அளவை வெறும் பெக்கரல் என்று சொன்னால் ஒரு கன மீட்டருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, எல்.ஆர்-115, சி.ஆர்-39 போன்ற பிளாஸ்டிக் படலம். ரேடான் சிதையும்போது தெறிக்கும் ஆல்ஃபாத் துகள் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத காயம் விழும், பிறகு ஆய்வுக்கூடத்தில் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு அந்தக் காயத்தைப் பெரிதாக்கி மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவார்கள். மலிவு, பேட்டரி வேண்டாம், திருட்டுப் போகாது, ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரேடானையும் தோரானையும் பிரித்துக் காட்டும் இரட்டை அறைக் குப்பி ஒன்றை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவாக்கியிருக்கிறார்கள், கதிரியக்க ஆய்வு நடக்கும் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளில் விசாரித்தால் படலத்துக்கு வழி கிடைக்கும்.

எந்த நேரம், எந்த மாதம்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், நானும் இங்கேதான் சறுக்கினேன். வெயில் ஏறியதும் தரைக்காற்று சூடாகி மேலே எழும், கூடவே ரேடானையும் தூக்கிக்கொண்டு போய்விடும். இரவில் தரை குளிர்ந்து காற்று அசையாமல் கிடக்கும்போது சேரும். அதனால் திறந்தவெளியில் விடியலுக்கு முன் உச்சம், பிற்பகலில் அடிமட்டம். மார்கழியில் திருப்பாவை கேட்கிற நேரத்துக்குப் புகை தரையோடு தரையாகப் படர்ந்து நிற்கும் பாருங்கள், அந்த மாதிரிக் காற்றுதான் ரேடானையும் பிடித்து வைக்கும்.

இது காற்றில் நிற்கும் அளவு. தரையிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது என்பது வேறு கணக்கு. காற்றழுத்தம் இறங்கும்போது நிலத்துக்குள் இருக்கும் வாயு மேலே இழுக்கப்படும், ஏறும்போது உள்ளே தள்ளப்படும். நம் பகுதியில் தினமும் காலை பத்து, இரவு பத்து மணிவாக்கில் அழுத்தம் அதிகம், மாலை நான்கு, அதிகாலை நான்கு மணிவாக்கில் குறைவு. கடிகாரம் மாதிரி நடக்கும். சில கைபேசிகளிலேயே அழுத்தம் அளக்கும் உணரி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஈரம். காய்ந்த மண்ணில் ரேடான் சாதாரணமாக ஒரு மீட்டருக்கு மேலேயே தானாகப் பரவும், தண்ணீரில் சில சென்டிமீட்டர்தான். குறுவையிலும் சம்பாவிலும் தண்ணீர் கட்டி நிற்கும் வயல் அதனால் மூடி போட்ட பானை போல. அறுவடை முடிந்து, உளுந்து பயறும் எடுத்த பிறகு பங்குனி சித்திரையில் வயல் பாளம் பாளமாக வெடிக்குமே, அப்போது அதே மண் திறந்துகொள்கிறது. பாறை வெடிப்பும் அப்படித்தான்: ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தண்ணீர் ரொம்பி நின்றால் வாயு வர வழி இல்லை. ஆடிக் காற்றில் திறந்தவெளி அளவு எடுப்பது வீண் வேலை. கற்றுக்கொள்ள எனக்குப் பிடித்தது மாசி முதல் சித்திரை வரை, இரவு.

மழை பெய்துகொண்டிருக்கும்போது கெய்கர் எண் திடீரென்று ஏறினால் பயப்பட வேண்டாம். மேலே காற்றில் மிதக்கும் ரேடானின் சிதைவுப் பொருள்களான ஈயம்-214, பிஸ்மத்-214 மழையோடு தரைக்கு வருகின்றன, மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் எண் பழையபடி ஆகிவிடும்.

வாளி முறை

கருவியை வெடிப்பின் மேலே சும்மா வைத்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வெள்ளை நிற பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஓட்டை இல்லாததாக. முதலில் அந்தக் கருவியை வெடிப்பிலிருந்து தள்ளி, ஆள் உயரத்தில், நிழலில் ஒரு இரவு தொங்கவிட்டு அங்கே சாதாரணமாக என்ன எண் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்தால் பின்னால் எடுக்கும் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது.

அப்புறம் பொழுது சாய்ந்ததும் வாளியின் உள்ளே, அடிப்பக்கத்தில் கருவியைக் கட்டி, வெடிப்பின் மேலே வாளியைக் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிலும் பிசைந்த களிமண்ணால் அடைக்க வேண்டும். ஆற்று வண்டலைவிட வயல் களிமண் நன்றாகப் பிடிக்கும், அது ஒன்றுதான் நம்மிடம் தாராளமாக இருக்கிறதே. வாளிக்கு வெளியே தொடரும் வெடிப்பையும் இரண்டு பக்கமும் ஓர் அடிக்குப் பூசிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே சேர்வது அந்த வழியாகவே தப்பிவிடும். மேலே ஈரமில்லாத சாக்கு ஒன்றைப் போட்டு, ஒரு கல்லை வையுங்கள், நாய் தட்டிவிடும். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும், சூட்டில் உள்ளே வியர்த்துக் கருவி கெட்டுப்போகும்.

எண்கள் இப்படி நடக்கும். முதல் பத்து நிமிடத்தில் ஒரு குதி குதித்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் தோரான், 56 விநாடி ஆயுளுக்கு அதற்குமேல் சேர முடியாது. மணிக்கு மணி ஏறிக்கொண்டே போனால் ரேடான். ஆகவே முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டு, அடுத்த சில மணி நேர ஏற்றத்தைப் பாருங்கள். கணக்குக்கு ஓர் உதாரணம்: வாளியின் உள் உயரம் 30 சென்டிமீட்டர், மணிக்கு 200 பெக்கரல் ஏறுகிறது என்று வைப்போம். 0.3-ஐ 200-ஆல் பெருக்கினால் 60, அதை 3600-ஆல் வகுத்தால் 0.017. ஒரு சதுர மீட்டரிலிருந்து விநாடிக்கு 17 மில்லிபெக்கரல் வெளியே வருகிறது என்று அர்த்தம். உலகத் தரையின் சராசரி சுமார் 20, ஆக அது சாதாரண அளவு. பாறையில் வாயு கோடு போல வருவதால் இந்த எண்ணைச் சுத்தமான அளவாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு வெடிப்பை இன்னொரு வெடிப்போடு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அதே வாளி, அதே நேரம், பத்தடி தள்ளி வெடிப்பில்லாத பாறையில் ஒருமுறை, பக்கத்து மண்ணில் ஒருமுறை. மூன்று இரவு ஆகும். அவசரப்பட்டு ஒரே இரவில் மூன்றையும் முடிக்காதீர்கள்.

மண்ணுக்குள்ளும் தண்ணீரிலும்

பாறைமேல் ஒரு மீட்டர் மண் மூடியிருக்கும் இடங்களில் வாளி போதாது. கடப்பாரையால் 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை இட்டு, பிவிசி குழாயை இறக்கி, கீழே படலம் ஒட்டிய சிறு குப்பியைத் தொங்கவிட்டு, மேல்வாயை இறுக்கமாக மூடி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். குப்பியின் வாய்க்கு மெல்லிய பாலிதீன் கட்டினால் ரேடான் மெதுவாக உள்ளே போய்விடும், தோரான் வழியிலேயே தீர்ந்துவிடும், ஈரமும் படாது. மின்னணுக் கருவியை இங்கே இறக்க வேண்டாம். மண்ணுக்குள் பல ஆயிரம், சில இடங்களில் பல பத்தாயிரம் பெக்கரல் இருக்கும், வீட்டுக் கருவிகள் பலவற்றுக்கு அது தாங்காது. இருபது அடிக்கு ஒன்றாக, பிளவுக் கோட்டைக் குறுக்கே வெட்டுவது போல ஐந்தாறு துளை வரிசையாகப் போட்டால் கோடு எங்கே ஓடுகிறது என்று எண்களிலேயே தெரியும்.

போர்த் தண்ணீரில் ரேடான் கரைந்து வரும், ஆற்று நீரில் அநேகமாக இருக்காது. மாதிரி எடுப்பதென்றால் பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு, ஒரு பக்கெட் நிரம்பி வழியும்போது கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் உள்ளேயே மூடி, மணியை எழுதி ஒட்டுங்கள். நான்கு நாள் கழித்து ஆய்வுக்கூடம் போனால் பாதி போயிருக்கும், மணி எழுதியிருந்தால்தான் அதைக் கணக்கில் திருப்பிச் சேர்க்க முடியும். தொட்டியில் உயரத்திலிருந்து விழும்படி விட்டு, காற்றோட்டமாக வைத்தாலே பெரும்பகுதி பறந்துவிடும்.

மோட்டார் ரூமில் ரேடானா தோரானா என்று தெரிய எளிய சோதனை ஒன்று: வேக்குவம் கிளீனர் குழாயின் வாயில் முகக்கவசத் துணியைக் கட்டி அரை மணி நேரம் ஓட்டி, துணியைக் கெய்கர் கருவியில் வையுங்கள். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை எண் பாதியானால் ரேடானின் பிள்ளைகள், அதாவது அதன் சிதைவுப் பொருள்கள். மறுநாள் காலையிலும் மிச்சம் இருந்தால் தோரானின் பிள்ளையான ஈயம்-212, அதன் அரை ஆயுட்காலம் 10.6 மணி நேரம்.

எண்ணைப் பார்த்து என்ன செய்வது

திறந்தவெளியில் உலகெங்கும் சாதாரணமாக 5 முதல் 15 பெக்கரல் இருக்கும். வீட்டுக்குள் 100-க்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், எப்படியும் 300-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெடிப்பின் வாயில் எடுத்த எண்ணை இந்த 100-ஓடு ஒப்பிடாதீர்கள், அங்கே யாரும் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருப்பதில்லை. புகைப்பழக்கத்துக்கு அடுத்து நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ரேடான் என்பது உண்மை, ஆனால் அது வருடக்கணக்கில் மூடிய இடத்தில் சுவாசிப்பதால் வருவது. திறந்தவெளி வெடிப்பு தானாக யாரையும் ஒன்றும் செய்யாது. அதன்மேல் நான்கு சுவரும் கூரையும் எழுப்பிக் கதவைச் சாத்தும்போதுதான் விஷயம் மாறுகிறது.

ரேடான் காற்றைவிட ஏழெட்டு மடங்கு கனம், அதனால் பள்ளத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கும் என்று அடிக்கடி கேட்கிறேன். 100 பெக்கரல் என்றால் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 5 கோடி ரேடான் அணு. அதே இடத்தில் காற்று மூலக்கூறுகள் 25 போட்டு 24 சுழியம். அவ்வளவு கூட்டத்துக்குள் தனியாக இறங்கித் தேங்க அதற்கு வழியே இல்லை. பள்ளத்தில் கூடுதலாக இருந்தால் அங்கே காற்று அசையவில்லை என்று மட்டும் அர்த்தம். ரேடானை வைத்து நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்வேன் என்று கிளம்புகிறவர்களையும் பார்க்கிறேன். 1966 தாஷ்கண்ட் நிலநடுக்கத்துக்கு முன் கிணற்று நீரில் ரேடான் ஏறியது என்பதிலிருந்து இந்த ஆசை தொடங்கியது, இன்றுவரை நம்பகமான முறையாக அது ஆகவில்லை. மழையும் அழுத்தமும் தினமும் எண்ணை எப்படி ஆட்டுகின்றன என்று ஒரு வருடம் எழுதிப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

குறிப்பேட்டில் தேதி, மணி, அழுத்தம், காற்று, கடைசியாக மழை பெய்த நாள், மண் ஈரமா காய்ந்ததா, வெடிப்பிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு உயரம் அல்லது ஆழம், இவ்வளவும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நல்ல வெடிப்பு தெரிகிறது என்று பாழுங்கிணற்றுக்குள்ளோ கைவிட்ட கல் குவாரிக்குள்ளோ இறங்காதீர்கள். ரேடான் உங்களைத் தொட வருடங்கள் ஆகும், கிணற்றின் அடியில் ஆக்சிஜன் இல்லாத காற்று சில நிமிடத்தில் ஆளை வீழ்த்திவிடும், விளக்கைக் கயிற்றில் இறக்கி எரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை முழுதாக நம்பவும் முடியாது. குவாரித் தண்ணீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. கயிற்றில் கருவியை இறக்குங்கள், நீங்கள் மேலேயே இருங்கள், கூட ஓர் ஆள் இருக்கட்டும். வேலை முடிந்து கிளம்பும்போது குழாய்களைப் பிடுங்கி, துளைகளில் மண்ணைக் கொட்டி மிதித்துவிட்டு வாருங்கள். காலையில் ஆடு மேய அந்த வழியாகத்தான் வரும், துளையில் கால் சிக்கினால் எலும்பு முறிந்துவிடும்.